ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீங்க

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கர்ப்பிணிகளை யாரும் டிஸ்மிஸ் செய்வதில்லை. இந்த ஊரில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் ஆளாக, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு டிஸ்மிஸ் ஆர்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேலையை விட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எல்லார் ஃபைலிலும் ஒரே மாதிரி ஒரு கடிதம் இருக்கும். "சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் போன் செய்தாள். நூல் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவள். "அக்கா, எச்.ஆர்.ல ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டுட்டா ரெண்டு மாசச் சம்பளம் கையில தர்றாங்களாம். போட்டுரட்டுமா?" அவளிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கும் வேறு யாராவது இதைப் படிக்கட்டும்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

ஐந்தாம் மாதம் முடியும் நேரம். ஜெர்மன் பையர் ஒருத்தருக்குப் பச்சைக்குழந்தைகளுக்கான ஸ்லீப் சூட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. தயாரிப்புக்கு முன் பையருக்கு அனுப்பும் பிபி சாம்பிளுக்கு அப்ரூவல் வந்து, கட்டிங்குக்குப் போக வேண்டிய வாரம். சாயங்காலம் எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அப்புறம்தான் விஷயம். "ஷிப்மென்ட் நேரத்துல நீங்க லீவுல போயிட்டா பையருக்கு யாருங்க பதில் சொல்றது? நீங்களே புரிஞ்சுக்கோணும். குழந்தை கொஞ்சம் பெருசானதும் வாங்க, சீட்டு உங்களுக்குத்தான்."

மேஜையில் அந்தப் பேப்பர் இருந்தது. கம்பெனி லெட்டர்ஹெட் இல்லை, வெறும் வெள்ளைத்தாள். நானே எழுதிக் கொடுத்ததாகத் தெரிய வேண்டுமே. என் பெயர், எம்ப்ளாயி கோடு, பதவி எல்லாம் அடித்து ரெடியாக வைத்திருந்தார்கள். தேதி போடும் இடம் மட்டும் காலி. எப்போது வேண்டுமானாலும் அவர்களே நிரப்பிக்கொள்ளலாம். "வீட்டுல காட்டிட்டு நாளைக்குத் தர்றேங்க" என்று கையை நீட்டினேன். பேப்பரைத் தரவில்லை. "இங்கயே போட்டுருங்க, இதுல என்ன இருக்கு" என்றார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

என் அக்கா ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள், யூனியனிலும் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "மொதல்ல மெயில் போடு அம்மிணி. கம்பெனி ஐடியில இருந்து போடாத, நாளைக்கே பிளாக் பண்ணிருவாங்க. உன் சொந்த ஐடியில இருந்து போடு." அன்று ராத்திரியே எச்.ஆருக்கும் எம்.டிக்கும் அனுப்பினேன். நீளமாக ஒன்றும் இல்லை: "இன்று மாலை எச்.ஆர். அறையில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. நான் கர்ப்பமாக இருக்கிறேன், எதிர்பார்க்கும் பிரசவ தேதி இது. சட்டப்படி எனக்குள்ள மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொண்டு மீண்டும் வேலைக்கு வருவேன்." கூடவே ஸ்கேன் ரிப்போர்ட்டும், கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததற்கான பிக்மி எண் உள்ள கார்டின் போட்டோவும்.

மறுநாள் காலையில் கேட்டில் விரல் வைத்தால் மிஷின் ஏற்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். "உள்ள விட வேண்டாம்னு மேல சொல்லியிருக்காங்க கண்ணு." கேட்டிலேயே நின்று பஞ்சிங் மிஷினை ஒரு போட்டோ எடுத்தேன். "வேலைக்கு வந்து கேட்டில் நிற்கிறேன், உள்ளே விடவில்லை" என்று எச்.ஆருக்கு வாட்ஸப் செய்தேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அந்த வாரமே திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியவில்லை. 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அதன் 12-ஆவது பிரிவில் யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்று பட்டியல் போடுகிறது. அதில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நீங்கள் எட்டாயிரம் வாங்கினாலும் சரி, எண்பதாயிரம் வாங்கினாலும் சரி, பெண் என்றால் போதும். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ் எதையும் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. பேனல் வக்கீலுக்கு ஆணைக்குழுதான் பணம் கொடுக்கும். யாராவது தனியாகக் கேட்டால் அங்கேயே செயலாளரிடம் சொல்லலாம், அவர் ஒரு நீதிபதி. தாலுகாக்களில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. போக முடியாத நிலையில் இருப்பவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததைத் தமிழில் எழுதி, ஆதார் நகலை வைத்துக் கொடுத்தாலே மனுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒதுக்கிய வக்கீல் ஒரு பெண். பேச்சில் அவசரமே இல்லாதவர். நான் கொட்டித் தீர்க்கும் வரை கேட்டார். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கையெழுத்துப் போட்டீங்களா?" இல்லை என்றதும் பேனாவை எடுத்தார். கம்பெனிக்காரர்கள் அந்த ஒரு தாளுக்காக ஏன் இப்படி அலைகிறார்கள் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் வருட மகப்பேறு பலன் சட்டத்தில் 12-ஆவது பிரிவு இருந்தது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது ஒரு பெண்ணை வேலைநீக்கம் செய்வதே சட்டவிரோதம். விடுப்புக்கு முன்னால், கர்ப்பமாக இருக்கும்போது எந்தக் கட்டத்தில் நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் அவளுக்குக் கிடைக்க வேண்டிய மகப்பேறு பணம் பறிபோகாது. கடுமையான ஒழுங்கீனம் செய்ததாக எழுத்தில் சொல்லி நீக்கினால்தான் விதிவிலக்கு, அதற்கும் அப்பீல் உண்டு. ஆக ஐந்தாம் மாதத்தில் வெளியே தள்ளினாலும் அவர்கள் பணம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுக்க 'நீக்கம்' என்பதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நீங்களாகவே விலகினீர்கள் என்று ஒரு தாள் அவர்கள் கையில் இருந்துவிட்டால், மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அந்தத் தாள் இல்லாதவரை, நீங்கள் ஏன் வேலையில் இல்லை என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து என் நாட்களை எண்ணினார். எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஐந்து மாதம் கர்ப்பத்தோடு வேலை செய்திருக்கிறேன், அதற்கு முன்னும் செய்திருக்கிறேன், எப்போதோ தாண்டியாயிற்று. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். 2017-இல் திருத்தம் வருவதற்கு முன் இது 12 வாரமாக இருந்தது. மூன்றாவது குழந்தைக்கு இப்போதும் 12 வாரம்தான்.

அவர் கேட்ட ஆவணங்களை அப்படியே எழுதுகிறேன், பிரச்சினை வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். சம்பள ஸ்லிப், அது தராத கம்பெனியென்றால் சம்பளம் ஏறும் பேங்க் ஸ்டேட்மென்ட். பி.எஃப். பாஸ்புக், நீங்கள் எந்த மாதம் வரை வேலையில் இருந்தீர்கள் என்பதை அது சொல்லிவிடும். இன்க்ரிமென்ட் லெட்டர், பாராட்டி வந்த மெயில். ஆஸ்பத்திரி சீட்டு, ஸ்கேன். வாட்ஸப் மெசேஜ் என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மெசேஜ் இருக்கும் அதே போனை மாற்றாமல் வைத்திருங்கள். நான் இன்னொன்றும் கொண்டு போயிருந்தேன். எங்கள் ஃபேக்டரி நடைபாதையில் பையருடைய நடத்தை விதிகள் தமிழில் அச்சடித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அதன் போட்டோ என் போனில் முன்பே இருந்தது. அதைப் பார்த்ததும் வக்கீல் மேடம், "இதை முதல் பக்கத்துல வைக்கலாம்" என்றார். ஏற்றுமதி கம்பெனிக்காரர்கள் கோர்ட்டைவிட, பையர் தரப்பில் வந்து சோதிக்கும் ஆடிட்டுக்குப் பயப்படுவார்கள் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். குழந்தைகள் காப்பக அறை ஒன்று எங்கள் கம்பெனியிலும் இருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம். ஆடிட்டர் வரும் நாளில் மட்டும்தான் அந்தப் பூட்டைத் திறப்பார்கள்.

நோட்டீஸ் போனது. "அவர் தொழிலாளி அல்ல, ஸ்டாஃப்" என்று பதில் வந்தது. இந்த வாதத்தை மெர்ச்சண்டைசர், அக்கவுண்டன்ட், டீச்சர், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் எல்லாரிடமும் சொல்கிறார்கள். மகப்பேறு சட்டத்துக்கு அந்த வித்தியாசமே கிடையாது. சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண், நேரடியாகச் சேர்ந்தவளோ ஏஜென்சி மூலம் வந்தவளோ, அவ்வளவுதான் அதன் வரையறை. "டெம்பரரி" என்பவர்களுக்கு டெல்லி மாநகராட்சி வழக்கு இருக்கிறது. சாலை வேலை செய்த மஸ்டர் ரோல் பெண்களுக்கும், அதாவது நிரந்தரம் இல்லாத தினக்கூலிப் பெண்களுக்கும், மகப்பேறு பலன் உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெயிலில் ஜல்லி கொட்டிய பெண்கள் நடத்திய வழக்கு, ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த எனக்கும் கை கொடுத்தது.

மனு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போனது, எங்களுடையது ஃபேக்டரி என்பதால். கடை, ஆபீஸ் என்றால் தொழிலாளர் துறை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு மாதம் நெருங்கிவிட்டது. படியேறும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கம்பெனி சார்பில் அதே எச்.ஆர்.

"அவங்களே நின்னுட்டாங்க சார்."

"லெட்டர் இருக்கா?"

"லெட்டர் வாங்கலைங்க."

"லெட்டர் இல்லாம எப்படி நின்னாங்க?"

மேடம் என் மெயிலையும் கேட்டில் எடுத்த போட்டோவையும் எடுத்து வைத்தார். உடனே பேச்சு மாறியது. பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்றார்கள். அந்த ஏப்ரலில் கொடுத்த இன்க்ரிமென்ட் லெட்டர் அடுத்த தாளாக இருந்தது. கடைசியில் வேறு வழி இல்லாமல், "நாங்க டிஸ்மிஸ்ஸே பண்ணலைங்க" என்றார். அதிகாரி உடனே, "அப்படின்னா லீவு முடிஞ்சதும் வேலைக்கு எடுத்துக்கறோம்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தார்கள். வேலைக்காகத் தனியாக லேபர் கோர்ட்டுக்குப் போயிருந்தால், மெர்ச்சண்டைசர் 'தொழிலாளி'தானா என்ற வாதத்திலேயே வருஷங்கள் போயிருக்கும் என்று மேடம் பிறகு சொன்னார். அவர்கள் வாயாலேயே வந்த அந்த ஒரு வாக்கியம் எனக்கு வேலையைத் திருப்பித் தந்தது.

பணத்திலும் ஒரு தகராறு. என் சம்பளம் 26,000, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000-ஐத் தாண்டியதால் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். பேசிக் 12,000-ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் கொண்டு வந்தார்கள், பாதிக்கும் குறைவு. அந்தச் சட்டப்படி வீட்டு வாடகைப் படி உட்படப் பணமாகத் தரும் படிகளும் ஊதியத்தில் சேர்ந்தன. மாற்றி எழுத வைத்தோம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வந்தது. கம்பெனி இலவச மருத்துவம் தராததால் மருத்துவ போனஸ் 3,500-உம் சேர்ந்தது. "கவர்மென்ட்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணம் தருதே, அப்புறம் என்ன" என்று ஒரு கட்டத்தில் கேட்டார்கள். அது ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் உதவி. முதலாளி தர வேண்டியதை அரசு கொடுத்ததாகக் கணக்கு எழுத முடியாது.

ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்களுக்கு, அதாவது தையல், செக்கிங், பேக்கிங் பிரிவில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு, அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். கம்பெனிக்குக் கைக்காசு போகாது. அப்படி இருந்தும் அவர்களையும் 'நிற்க' வைக்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து போனேன். என் ஜெர்மன் பையரை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டு, என்னை ஸ்டோர் பக்கம் ஒரு மூலையில் உட்கார வைத்து யார்ன் ரிப்போர்ட் டைப் அடிக்கச் சொன்னார்கள். விடுப்பில் இருக்கும்போது வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதையும் அதே 12-ஆவது பிரிவு தடுத்தது. மேடமிடம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். பையர் திரும்பி வந்தார். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு, அதையும் கேட்டு வாங்கினேன். பிறகு நானாக விரும்பி, நல்ல சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போனேன். அந்த ராஜினாமா கடிதத்தை நானே எழுதினேன், தேதியும் நானே போட்டேன்.

இன்டர்வியூவிலேயே "கல்யாணம் ஆயிருச்சா, குழந்தை பிளான் இருக்குதா" என்று கேட்கிறார்களே, அதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூரை, படிவத்தில் கர்ப்பத்தை மறைத்தார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். அந்தப் படிவம் மாதவிடாய் தேதியிலிருந்து கருத்தரித்த விவரம் வரை கேட்டிருந்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. 2025-இல் தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததைக் காட்டி, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுத்திருந்தார்கள். எங்கோ டெல்லியில் யாரோ நடத்தும் வழக்கு என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாறிவிட்டன. மகப்பேறு பலன் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. 80 நாள், 26 வாரம், கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் பணம் போகாது என்ற பாதுகாப்பு எல்லாம் அப்படியே தொடர்கின்றன. ஊதியம் என்பதன் வரையறை மட்டும் மாறியிருக்கிறது, அதனால் நான் மேலே சொன்ன கணக்கை உங்களுக்கு அப்படியே போட்டுக்கொள்ளாமல் வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி தப்பாக நடந்துகொண்டு, இணங்காததற்காக வேலையில் தொல்லை கொடுக்கிறார் என்றால் அது வேறு வழி. 2013-ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, கம்பெனிக்குள் இருக்கும் உள்ளகப் புகார் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். பத்து பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அதற்கும் இதே ஆணைக்குழு அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

நூல் ஸ்டோர் பெண் கையெழுத்துப் போடவில்லை. மெயில் அனுப்பிவிட்டாள். இப்போதும் வேலையில் இருக்கிறாள்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மனசு உடைய வேண்டாம். கம்பெனி ராஜினாமாவை ஏற்று, நீங்கள் வேலையை விட்டு விலகும் தேதி வருவதற்கு முன்பு பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். இன்றைக்கே எழுதுங்கள்: எந்தத் தேதியில், எந்த அறையில், யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், கடிதத்தை டைப் செய்தது யார், தேதி காலியாக இருந்ததா. "நான் விரும்பிக் கொடுத்ததல்ல, திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வரத் தயார்" என்று முடித்து, மெயிலிலும் டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். தபால் ரசீதை எடுத்துக்கொண்டு அப்படியே கோர்ட் வளாகத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போடும்போதும் நீங்கள் சம்மதித்துத்தான் போட்டீர்கள் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபமாகிறது.